சிகரெட் பிடித்தால்தான் படிப்பு ஏறுமா?

14 ஜனவரி 2025, காலை. ஒரு வாசகர் கேட்டது

வயது 22. பினாங்கில் பட்டப்படிப்பு, கடைசி ஆண்டு. ஒரு சிகரெட் பிடித்துவிட்டு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் புத்தகத்தை விட்டுக் கண் நகராது. பிடிக்காமல் உட்கார்ந்தால் இரண்டு பக்கம் தாண்டாது. "அதைப் பிடித்துப் பிடித்துத்தான் மூளை மழுங்கிப்போச்சு" என்கிறார் அம்மா. எனக்கு நேர்மாறாகத் தெரிகிறது. புகை கவனத்தைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்?

14 ஜனவரி, இரவு

நான் பிடித்துப் பார்த்தவன். 19 வயதில் தொடங்கி 31இல் விட்டேன். நாளைக்குப் பதினைந்து, ஓவர்டைம் நாளில் ஒரு முழுப் பாக்கெட். பொங்கலும் அதுவுமாக இந்தப் பேச்சா என்று வீட்டில் முறைக்கிறார்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை ஷிப்ட், நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே சர்க்யூட் போர்டு வரும். ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, சிப்பின் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா, ஏதாவது பாகம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு போர்டு, அப்புறம் இன்னொரு போர்டு, விடியும்வரை. கவனத்தை விற்றுத்தான் சோறு. சிகரெட் இல்லாவிட்டால் எனக்குக் கண்ணே தெரியாது என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

தம்பி, அந்தச் சிகரெட் உனக்குப் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆலோங் ஒருவன், அதாவது கந்துவட்டிக்காரன், உன் சட்டைப்பையிலிருந்தே பணத்தை எடுத்து உனக்கே கடன் கொடுக்கிறான், நீ அவனுக்கு நன்றி சொல்கிறாய். நிக்கோட்டின் இழுத்த பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் ஏறியது சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பிறகு தவிப்பு. எரிச்சல் வரும், கால் ஆடும், எதிலும் மனம் ஊன்றாது. மனம் ஊன்றாதது உன் குணம் இல்லை, சிகரெட்டை நிறுத்தியவருக்கு வரும் அறிகுறிகள் என்று மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் அதுவும் ஒன்று. அந்த நேரம் பார்த்து நீ புத்தகத்தைத் திறக்கிறாய். ஒன்று பிடித்ததும் பழைய நிலைக்கு வருகிறாய். அதைக் கூர்மை என்று நினைக்கிறாய்.

15 ஜனவரி

நேற்றுக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். "ஒன்றும் கொடுக்கவில்லை" என்பது தப்பு.

1994 முதல் 2008 வரை நடந்த 41 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. புகைக்காதவர்களுக்கும், தவிப்பு தொடங்காத புகைப்பாளர்களுக்கும் நிக்கோட்டின் கொடுத்துப் பார்த்த சோதனைகள் அவை. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, மருந்தா வெறும் பொய்யா என்று. விழிப்பு, எதிர்வினை வேகம், குறுகிய கால நினைவு இவற்றில் சின்ன முன்னேற்றம் இருந்தது. ஆகவே தம்பி முழுப்பொய் சொல்லவில்லை.

ஆனால் அது சோதனைக்கூடத்தில், அளந்து, ஒரு வேளைக்குக் கொடுத்தது. நாளைக்குப் பதினைந்து பிடிக்கிறவன் மூளை வேறு மாதிரி. நிக்கோட்டின் போய் ஒட்டிக்கொள்ள மூளைச் செல்களில் ஏற்பிகள் இருக்கின்றன. ஓரிரு இழுப்பிலேயே அவற்றில் பாதி நிரம்பிவிடும், ஒரு முழுச் சிகரெட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட நிரம்பிவிடும். நாள் முழுக்க நிரம்பிக் கிடந்தால் அவை மரத்துப்போகின்றன. மரத்துப்போனதை ஈடுகட்ட மூளை இன்னும் ஏற்பிகளைச் செய்துகொள்கிறது. வாய்கள் கூடிவிட்டன, சோறு அதே அளவு. பசி யாருக்கு?

ஆலோங் உதாரணத்தை மட்டும் விடமாட்டேன். முதல் கடன் நிஜமாகவே உதவும், அப்புறம்தான் வட்டி என்று திருத்திக்கொள்கிறேன்.

17 ஜனவரி

நோட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் தவறவிட்ட போர்டு அடுத்த மேசையில் பிடிபட்டால் சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் வைப்பார். அவமானமாக இருக்கும். அதனால் நானே கணக்கு வைக்கத் தொடங்கினேன், 555இல். சிரிக்காதீர்கள், சிகரெட் 555 இல்லை. கடன் எழுதுகிற குட்டி நோட்டு. எத்தனை மணிக்குச் சிகரெட், எத்தனை மணிக்குத் தவறவிட்டேன், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

பார்த்தால் தவறெல்லாம் இடைவேளைக்கு முன்னால்தான். புகை மூலையிலிருந்து திரும்பி வந்ததும் கண் கத்தி. வருஷக்கணக்காக இதைத்தான் ஆதாரமாகக் காட்டினேன். வீட்டிலும் சொன்னேன், சிகரெட்டை விடச் சொன்ன டாக்டரிடமும் சொன்னேன்.

பக்கத்து மேசையில் ஒரு அக்கா. புகைக்காதவர். கேண்டீனில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருவார். என் நோட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் அப்படித்தான், பிரேக்குக்கு முன்னால்தான் போகும். திரும்பி வந்தா சரியாயிடும்." எனக்குச் சுருக்கென்றது. அவர் தவறியது என்னைவிடக் குறைவு, ஆனால் ஏறி இறங்கும் கோடு ஒன்றே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக மேக்வொர்த் என்பவர் ஒரு கடிகாரச் சோதனை செய்தார், 1948இல் வெளியானது. முள் சிறு சிறு தாவலாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணி தாண்டியதும் தவறவிடுவது கூடிவிட்டது. ரேடார் திரையைப் பார்க்கிறவனுக்கும் போர்டு பார்க்கிறவனுக்கும் இதே கதி. எழுந்து போய் வந்தால் கவனம் திரும்பிவிடும். எனக்குச் சிகரெட்டும் ஓய்வும் எப்போதும் ஒரே பொட்டலத்தில் வந்தன. புகழ் முழுவதையும் சிகரெட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

18 ஜனவரி

இப்போது யார் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் கேமராதான். அது சிகரெட் பிடிப்பதில்லை, பிரேக் கேட்பதில்லை. ஆனால் நல்ல போர்டையும் தள்ளிவிடும், தள்ளியதை மறுபடி பார்க்க ஓர் ஆள் வேண்டும். இப்போது நான் லைன் லீடர், அந்த ஆளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

22 ஜனவரி

விட்டபின் கோப்பி குடித்தால் கை நடுங்குகிறது, இது நிக்கோட்டின் தவிப்பா என்று செந்தூலிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார்.

அண்ணே, எனக்கும் இதே நடந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை. புகையில் இருக்கிற தார்ப் பொருள்கள் கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். புகைக்கிறவர் உடம்பு காஃபினைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்றும். விட்ட சில நாளில் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். நீங்களோ அதே நான்கு குவளை கோப்பி ஓ. இரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரட்டிப்பு. நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, தூக்கம் இல்லாததால் மறுநாள் கவனம் சிதறும், பழி போகிறது சிகரெட்டை விட்டதன் மேல். அதோடு ஒன்றைப் பற்றவைத்துப் பார்ப்போமே என்று தோன்றும். பாதியாகக் குறையுங்கள். நான் இரண்டு குவளைக்கு வந்த பிறகுதான் மனிதனானேன்.

இது புகையால் வருகிற வேலை, நிக்கோட்டினால் இல்லை. வேப் என்கிற மின்சிகரெட் இழுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

29 ஜனவரி

சீனப் புத்தாண்டு விடுமுறை. தெருவெல்லாம் பட்டாசுப் புகை, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஒருவர் இஸ்ரேல் இராணுவ ஆய்வைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 2010இல் வந்தது. படையில் சேரும் 18 வயது இளைஞர்கள் 20,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். புகைப்பவர்களின் சராசரி அறிவுத்திறன் எண் 94, புகைக்காதவர்களுக்கு 101. "பார்த்தீர்களா, மூளை மழுங்கிவிட்டது" என்கிறார்.

எது முன்னால் வந்தது? சிகரெட்டா, அந்த எண்ணா? அதே ஆய்வில் புகைக்கும் சகோதரனையும் புகைக்காத சகோதரனையும் ஒப்பிட்டார்கள், புகைக்காதவனுக்கே எண் கூடுதல். வீடு ஒன்று, அம்மா கை சோறு ஒன்று, அப்படியும் வேறுபாடு. ஆனால் புகைதான் காரணம் என்று அதை வைத்தும் சொல்ல முடியாது. கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே சிகரெட்டைத் தொடுகிறார்கள், விடவும் அதிகம் சிரமப்படுகிறார்கள். அலைகிற மனசு தனக்கு ஒரு மருந்தைத் தேடிப் போகிறது என்றும் சொல்லலாம்.

என்னையே பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கவே மாட்டார். அப்போது எனக்கு ஒன்பது வயது, சிகரெட் பத்து வருஷத் தூரத்தில் இருந்தது. ஜன்னல்தான் என்னைச் சிகரெட்டிடம் கூட்டிக்கொண்டு போனதோ என்னவோ. தம்பி, நீ முதல் சிகரெட்டுக்கு முன்னால் எத்தனை பக்கம் படித்தாய்? அதை நீ எழுதவே இல்லை.

30 ஜனவரி

தம்பி பதில்: "பதினாறு வயதில் தொடங்கினேன். அதற்கு முன்னால் படித்ததே இல்லை."

சரி.

11 பிப்ரவரி, தைப்பூசம்

தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2011இல் காவடி எடுத்தேன். 48 நாள் விரதம். மச்சம் இல்லை, மது இல்லை, சிகரெட் இல்லை. முதல் நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மோட்டாரில் பினாங்குப் பாலம் இறங்கி பாயான் லெப்பாஸ் பக்கம் திரும்ப வேண்டியவன் ஜார்ஜ் டவுன் பக்கம் போய்விட்டேன். ஐந்து வருஷமாகப் போகிற வழி. தவிப்பு உச்சத்துக்குப் போவது முதல் இரண்டு மூன்று நாளில்தான் என்று பிறகு படித்தேன். முதல் வாரம் போர்டு போர்டாகத் தவறவிட்டேன். இரண்டாம் வாரமும் சுமார்தான். நான்காம் வாரம் வாக்கில் புகைத்த காலத்தைவிடக் குறைவாகத் தவறவிட்டேன். பெருகிக் கிடக்கும் ஏற்பிகள் புகைக்காதவர் அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். 48 நாள் என்பது ஏறக்குறைய ஏழு வாரம். முருகன் கணக்குத் தெரிந்தவர்.

காவடி இறக்கிவிட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்தேன். நண்பன் ஒரு சிகரெட்டை நீட்டினான். வாங்கினேன். முதல் இழுப்பில் தலை சுற்றி, தண்ணீர்ப் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் பழையபடி பதினைந்து. அப்புறம் 2015வரை ஓடியது. அந்த வருஷம் பாக்கெட் 17 ரிங்கிட் ஆனது, மகள் பிறந்தாள். எது காரணம் என்று மனைவி கேட்டால் மகள் என்று சொல்வேன்.

16 பிப்ரவரி. திருத்தம்

பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டின்னில் அந்த 555 நோட்டு கிடைத்தது.

17 ஜனவரியில் எழுதியதைத் திருத்த வேண்டும். "வருஷக்கணக்காக" கணக்கு வைத்தேன் என்பதுபோல எழுதியிருந்தேன். நோட்டில் இருப்பது 19 ஷிப்ட். மூன்று பக்கம். மீதிப் பக்கமெல்லாம் கேண்டீன் கடன். இடைவேளைக்கு முந்தைய அரை மணியில் தவறியது 14, பிந்தைய அரை மணியில் 5, மற்ற நேரங்களில் 12. ஆக, "எல்லாம் இடைவேளைக்கு முன்னால்தான்" என்பதும் என் ஞாபகம் செய்த சோடனை. பாதிக்கும் குறைவு.

இன்னொன்று. விரத காலக் கணக்கு நோட்டில் இல்லவே இல்லை. நான்காம் வாரம் குறைந்தது என்று போன வாரம் உறுதியாக எழுதினேனே, அது ஞாபகம் மட்டும். விரதம் இருந்தவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல ஞாபகம்தான் இருக்கும். அந்த வரியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

19 பிப்ரவரி

ஓர் அக்கா. மகனுக்கு 19. சிகரெட் தொடுவதில்லை, வேப் மட்டும், அதில் புகை இல்லையே என்கிறானாம். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஒரு பேச்சைக் கேட்பதில்லையாம்.

அக்கா, சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் விரல் சுடும், கீழே போட்டு மிதித்துவிட்டு உள்ளே போவோம். அதற்கு வெளியே போக வேண்டும், மலேசியாவில் 2019 ஜனவரி முதல் சாப்பாட்டுக் கடைக்குள் பிடிக்க முடியாது, மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மாமாக் உணவகத்துக்கு முன்னால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்று பிடித்தவர்களை எனக்குத் தெரியும். வேப்புக்கு முடிவும் இல்லை, கோடும் இல்லை. சட்டத்தில் அதற்கும் தடை உண்டு, ஆனால் கழிப்பறையில், போர்வைக்குள், காரில் என்று மறைத்து இழுக்கலாம். மூன்று நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்றால் அவன் நாள் மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கப்பட்டுவிட்டது. பேச்சு எங்கே ஏறும்?

அவன்மேல் மட்டும் கோபப்படாதீர்கள். 2023 மார்ச் 31ஆம் தேதி வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய சட்டம் நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1. நடுவில் ஒன்றரை ஆண்டு, பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவனுக்கு விற்றால் தடுக்க நாட்டுச் சட்டம் இல்லை. உங்கள் மகனுக்கு அப்போது பதினேழு.

மூளையின் முன்பகுதி, கவனத்தைக் கட்டி வைக்கிற பகுதி, இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். 2011இல் ஆம்ஸ்டர்டாமில் எலிகளுக்குப் பதின்பருவத்தில் நிக்கோட்டின் கொடுத்து நிறுத்திவிட்டு, வளர்ந்தபின் சோதித்தார்கள். கவனக் குறைவு அப்படியே இருந்தது. வளர்ந்த பிறகு கொடுத்த எலிகளுக்கு அப்படி இல்லை. எலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2010 ஆய்வைக் காட்டி "சின்ன முன்னேற்றம்" என்று நான் எழுதியதைப் பதினாறு வயதுப் பையன் யாராவது படித்திருந்தால் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் விடுவதற்கு உதவி உண்டு. ஒட்டுப்பட்டை, சூயிங்கம் மாதிரி ஒன்று. நிக்கோட்டின் மெதுவாகக் கிடைப்பதால் கவனம் ஒரேயடியாகச் சரியாது. கூட்டிக்கொண்டு போங்கள், திட்டாமல்.

8 மார்ச்

நோன்பு தொடங்கி ஒரு வாரம். என் லைனில் நோன்பு இருக்கும் புகைப்பாளர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் பகலில் தொடுவதில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஆனால் வேலை ஓடுகிறது. இரவு பிடித்துவிடுகிறார்கள், அதனால் ஒவ்வொரு பகலும் அவர்களுக்கு முதல் பகல்தான். மூன்றாம் நாளைத் தாண்டுகிற சுகமே கிடையாது.

அப்படியிருந்தும் ஒருவன் சொன்னது என்னைக் குழப்புகிறது. "புவாசா (நோன்பு) நேரத்தில் பகல் எளிது. கிடைக்காது என்று தெரியும், கேட்பதே இல்லை. ஆறரை மணிக்கு மேல்தான் பைத்தியம் பிடிக்கும்." பட்டினி கிடந்த நேரம் கூடக்கூடத் தவிப்பு கூடும் என்றுதானே நான் ஜனவரி முழுக்க எழுதினேன்? இது வேறு மாதிரி இருக்கிறதே.

தேடினால் விமானப் பணியாளர்களை வைத்து 2010இல் வந்த ஓர் ஆய்வு. புகைக்கிற பணியாளர்கள், ஒரு குறுகிய பயணம், ஒரு நீண்ட பயணம். விமானம் கிளம்பி எத்தனை மணி ஆனது என்பதைவிட, இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே தவிப்பை ஏற்றியது. குறுகிய பயணம் முடியும்போது உச்சம். அதே மணிக்கணக்கில், நீண்ட பயணத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை.

ஆக, பாதி ஏற்பி, பாதி எதிர்பார்ப்பு. தம்பி, லைட்டர் உன் சட்டைப்பையிலேயே இருக்கிறது, நூலக வாசல் ஐம்பது அடியில். உன் விமானம் எப்போதும் இறங்கப்போகிற விமானம். இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடுவது ஆச்சரியமில்லை. லைட்டரை அறையில் வைத்துவிட்டுப் போ. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நட, சும்மா நட.

23 மார்ச்

தம்பி எழுதியிருக்கிறான். பத்து நாளாக லைட்டர் அறையில். முதல் மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து சீலிங் ஃபேனை எண்ணினானாம். இப்போது ஒரே மூச்சில் ஏழு பக்கம் போகிறதாம். முழுதாக விடவில்லை, நாளைக்குப் பன்னிரண்டாக இருந்தது நான்கு, ராத்திரி மட்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவன் தோற்றுவிட்டதாக நினைத்துவிடுவாராம்.

கடைசி வரியில்: "ஆனால் இப்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது அண்ணே, தூக்கமே இல்லை. ராத்திரி படிக்க ஐந்து குவளை கோப்பி குடிக்கிறேன், அதனால் இருக்குமா?"

22 ஜனவரிக் குறிப்பைப் பார். இரண்டு பக்கம்கூட இல்லை.